புள்ளலூரில் இரண்டு தூண்கள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் ராஜபாட்டையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் சுங்குவார்சத்திரம் வருகிறது. பெயரே சொல்கிறது, வழிப்போக்கர்கள் தங்கிப் போக ஏற்பட்ட ஊர் என்று. இன்று அங்கே தங்குகிறவர்கள் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த வாலிபர்களும் பெண்களும். அவர்கள் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்புகிறார்கள்; பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டு, ஊருக்குத் திரும்பியே போகாதவர்களும் உண்டு. அவர்களைத் தேடிப் போவதானால் சுங்குவார்சத்திரத்துக்கு மேற்கே, காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூருக்குப் போக வேண்டும்.

புள்ளலூர் சின்னக் கிராமந்தான். ஆனால் சரித்திரம் அதன்மேல் விசேஷமான பிரியம் வைத்திருந்தது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திர பல்லவர் தம் பகைவர்களை இங்கே அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு பெருமைப்படுகிறது. அதே பல்லவர் காஞ்சிக் கோட்டை மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொண்டதாகப் புலிகேசியின் ஐஹோளே கல்வெட்டு பரிகாசம் செய்கிறது. இரண்டில் எதை நம்புவது என்பதைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடுவோம். நாம் பார்க்க வேண்டியது, அதற்கு ஆயிரத்து நூறு வருஷங்களுக்குப் பிறகு நடந்த சண்டையை.

1780-ஆம் வருஷம் ஹைதர் அலி பெருஞ்சேனையுடன் மலை இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் நுழைந்தார். கும்பினியின் சேனாதிபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் வந்து முகாமிட்டார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி தம் படையோடு வந்து அவருடன் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. வழியிலே கொற்றலை ஆறு. பெய்லி வந்தபோது ஆற்றைக் கடந்திருக்கலாம். இக்கரையிலே இளைப்பாறிவிட்டுப் பிறகு கடக்கலாம் என்று தங்கினார். வெள்ளம் வந்துவிட்டது. ஒன்பது பத்து நாட்கள் அங்கேயே கட்டுண்டு கிடந்தார். சாம்ராஜ்யங்களின் தலைவிதி சில சமயம் இப்படி ஓர் ஆற்றங்கரைத் தூக்கத்தில் தங்கிவிடுகிறது!

கடைசியில் காஞ்சிபுரத்துக்குச் சில மைல் தூரத்தில், செப்டம்பர் 10-ஆம் தேதி காலையில், புள்ளலூருக்கு அருகே ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்துகொண்டார்கள். மைசூர்ப் படையின் பாணங்கள் சீறிப் பாய்ந்தன. கும்பினிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

இந்தப் போரின் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். பெய்லியின் படையில் ஏறக்குறைய 3,800 பேர் இருந்தார்கள். அதிலே வெள்ளையர் சுமார் 500. மற்றவர்கள் சிப்பாய்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் 86 பேர். அதில் இறந்தவர் 36, காயம்பட்டவர் 34, காயமின்றிப் பிடிபட்டவர் 16. கூட்டிப் பாருங்கள், ஒருவர்கூடக் குறையாது. சிப்பாய்களுக்கு வரும்போது கணக்குப்பிள்ளையின் பேனா மழுங்கிவிடுகிறது. பெரும்பாலோர் மாண்டார்கள், பிடிபட்டார்கள், சிதறினார்கள் என்று மொத்தமாக ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

மறு வருஷம், 1781 ஆகஸ்டு 27-ஆம் தேதி, அதே புள்ளலூரில் மறுபடியும் சண்டை. முன்பு வெற்றி கிடைத்த பூமி ராசியானது என்று ஹைதர் அதே இடத்தைத் தேர்ந்துகொண்டார். இம்முறை எதிரே வந்தவர் ஸர் அயர் கூட். அவருடைய சிப்பாய்கள் அந்த வயல்களில் நடந்தபோது, ஒரு வருஷமாகப் புதைப்பாரற்றுக் கிடந்த பெய்லி படையின் எலும்புகளைக் கண்டார்கள். அதில் எது அண்ணனுடையது, எது மாமனுடையது என்று யார் கண்டார்கள்? சண்டை நாள் முழுவதும் நடந்தது. ஸ்டூவர்ட் என்ற தளபதிக்கு ஒரு கால் போயிற்று. யாருக்கு ஜயம் என்று தீர்மானமாகச் சொல்ல முடியாமலே பொழுது சாய்ந்தது.

இன்று புள்ளலூர் வயல்களுக்கு நடுவே இரண்டு தூண்கள் நிற்கின்றன. அடியில் அகன்று மேலே கூர்ந்து செல்லும் கல்லறைத் தூண்கள். பெய்லியின் தோல்விக்கு எழுப்பியவை என்று பலர் நினைப்பதுண்டு. அவை 1781-ஆம் வருஷச் சண்டையில் மாண்ட இரண்டு அதிகாரிகளுக்கு உரியவை. ஒருவர் ஜார்ஜ் பிரவுன், இன்னொருவர் ஜேம்ஸ் ஹிஸ்லப். மத்திய அரசின் தொல்பொருள் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. பெய்லிக்கும் கல் இல்லாமல் இல்லை. அவர் 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். 1816-இல் அவருடைய உறவினர் அங்கே ஒரு மண்டபம் கட்டினார். திப்புவோ தம் வெற்றியைத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் சித்திரமாகத் தீட்டச் செய்தார். அதிலே யானை, குதிரை, பல்லக்கு எல்லாம் உண்டு. இரு பக்கத்திலும் மடிந்த காலாட்களுக்கு மட்டும் சுவரும் இல்லை, கல்லும் இல்லை.

அந்தக் காலத்தில் சாமானியனுக்குக் கல் நடுகிற வழக்கமே கிடையாது என்று சமாதானம் சொல்லலாம். வெள்ளைக்காரன் சொன்னால் ஒருவேளை ஒப்புக்கொள்வோம்; தமிழன் சொல்ல முடியாது. இறந்துபட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்திருக்கும் நடுகற்களில், மாடு மீட்கச் சென்று மடிந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அங்கே எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திர பல்லவரின் 34-ஆவது ஆட்சியாண்டில் நட்டது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வரை எதிர்த்துக் கடித்து நின்ற அவனுடைய நாயும் அதிலே செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். 1,400 வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. 1780-இல் புள்ளலூரில் விழுந்த சிப்பாய்க்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் இங்கிலீஷ்காரர்களுக்கும் ஞானோதயம் ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1917-இல், யுத்தக் கல்லறைகளுக்கென்று ஒரு கமிஷன் ஏற்படுத்தினார்கள். ஜெனரலானாலும் சிப்பாயானாலும், எந்த ஜாதி எந்த மதமானாலும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பெயர் பொறிக்க வேண்டும், கற்களில் ஏற்றத்தாழ்வு கூடாது என்பது கொள்கை. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் நந்தம்பாக்கத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டம் அந்தக் கமிஷன் 1952-இல் அமைத்ததுதான். கவனிப்பாரற்றுப் போகக்கூடிய பல ஊர்ச் சமாதிகளிலிருந்து இரண்டாம் யுத்த வீரர்களைக் கொண்டுவந்து அங்கே அடக்கம் செய்தார்கள். 856 பேர் வரிசை வரிசையாக உறங்குகிறார்கள். புல்வெளி வெட்டிவிட்டாற்போல் இருக்கும். பின்பக்கத்தில் முதல் யுத்தத்தில் இறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்களும் உண்டு. தகனம் செய்யப்பட்ட ஹிந்துச் சிப்பாய்களுக்குக் கல்லறை ஏது? அவர்கள் பெயர்களை நினைவுச் சின்னங்களில் பொறித்தார்கள். ரங்கூனுக்கு அருகே தௌக்கியானில் உள்ள மண்டபத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள் இருக்கின்றன.

கொள்கை உயர்ந்ததுதான். அது எல்லாருக்கும் எட்டியதா? 2021-இல் அந்தக் கமிஷனே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் யுத்தத்தில் மாண்ட ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர் முதலியவர்களில் லட்சத்துக்கும் அதிகமானோர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. நம் பக்கத்துச் சில ஊர்களில் பழைய சலவைக்கற்கள் உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகாயுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று எண்ணிக்கை சொல்லும். யார் யார் என்று சொல்லாது. அரிசி மூட்டைகளைக் கூட இப்படித்தானே எண்ணுகிறோம்!

போனது போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதில்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் தூங்கிக்கொண்டிருந்த பதிவேடுகளிலிருந்து, முதல் யுத்தத்துக்குப் போன சுமார் 3,20,000 பஞ்சாபியரின் விவரங்கள் 2021-இல் வெளியாகத் தொடங்கின. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பேரன்மார் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊர்ச் சலவைக்கல்லில் உள்ள எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். பென்ஷன் காகிதமாக ஒரு வீட்டுப் பரணில் இருக்கலாம். மணியார்டர் ரசீதாக ஒரு தகரப் பெட்டியில் இருக்கலாம். தேடுகிறவர்கள் வேண்டும்.

புள்ளலூர்ச் சிப்பாய்களின் பெயர்கள் கிடைப்பது துர்லபம். ஆனாலும் அந்த இரண்டு தூண்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கல் நடலாம். கும்பினியின் சிப்பாய், மைசூரின் சிப்பாய் என்று பேதம் பாராமல், இங்கே கூலிக்குச் சண்டையிட்டு மாண்ட எல்லாருக்கும் இது என்று தமிழில் நாலு வரி எழுதலாம். அதிகச் செலவு ஆகாது. நாய்க்கும் கல் நட்ட நாடு இது.