விருத்தாசலத்துப் பீங்கானும் கோலார் நுரையீரலும்

எங்கள் மங்களூர்ப் பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. பீங்கான் கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கு இருமல் வந்தால், "டி.பி.யாக இருக்கும்" என்பார்கள். மருத்துவமனையிலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவார்கள். காசநோய் என்று எழுதிவிட்டால் பழி கிருமிமேல் போய்விடும். சிலிக்கோசிஸ் என்று எழுதினால் அது தொழிற்சாலைமேல் வரும். இந்தியா முழுவதும் சிலிக்கோசிஸ் நோயாளிகள் காசநோயாளிகளாகவே சாகிறார்கள் என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்திதான்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் எதிலிருந்து வருகின்றன? வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸ். இந்தப் படிகக்கல்தான் சிலிக்கா. ஈரமாக இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. காய்ந்த பொருளைச் சுரண்டி விளிம்பைச் சரிசெய்யும்போதும், மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதும், தரையைத் துடைப்பத்தால் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூள் கிளம்பும். உள்ளே போனது திரும்பி வராது. நுரையீரலில் தழும்பு கட்டும். வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமா? இல்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷைர் பீங்கான் ஊர்களில் சிக்கிமுக்கிக் கல்லை உலர்வாக இடித்தவர்கள் செத்துச் செத்து விழுந்தார்கள். 1726-லேயே தாமஸ் பென்சன் என்பவர் அந்தக் கல்லைத் தண்ணீரோடு அரைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தூள் ஆளைக் கொல்கிறது என்பதே அவர் சொன்ன காரணம். ஆனாலும் 1864-இல்தான் பீங்கான் தொழில் அங்கே தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வந்தது. சூளையில் பாத்திரங்களை அடுக்கும்போது சிக்கிமுக்கித் தூளைப் பரப்புவதை 1947 விதிகள் தடை செய்தன. அதன் இடத்துக்கு அலுமினா வந்தது. பென்சன் காலத்திலிருந்து கணக்குப் போட்டால் 221 வருஷம். முதலாளிகளின் கருணையால் நடந்ததென்றால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது. சங்கமும், ஆய்வாளர்களும், மருத்துவர்கள் எழுதிவைத்த சாவுக் கணக்கும் சேர்ந்து தள்ளித் தள்ளி நடந்த வேலை அது. இருந்தாலும் கடைசியில் அவர்கள் கைவைத்தது பொருளின்மேல். கொல்கிற தூளையே எடுத்துவிட்டார்கள்.

அதே ஆங்கிலேயர்கள் கோலார் தங்கவயலில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1880 முதல் அந்தச் சுரங்கங்களை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி. பூமிக்கடியில் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டிலிருந்து போன நம் மக்கள். சேரியை விட்டுப் போனவர்கள் அங்கே பௌத்த சங்கம் கட்டினார்கள்; அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' இதழை அப்பாதுரையார் பின்னாளில் அங்கிருந்துதான் நடத்தினார். 1930-இல் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து வேலைநிறுத்தமும் செய்தார்கள். கம்பெனிக்கு அவர்களுடைய கட்டைவிரல்மேல் இருந்த அக்கறை நுரையீரல்மேல் இருந்ததா? 1940-க்கும் 1946-க்கும் இடையில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ். எந்த நோய்க்காக இங்கிலாந்தில் தூளையே மாற்றினார்களோ, அதே நோய் இங்கே கணக்கெடுப்பாகவும் இழப்பீட்டு விண்ணப்பமாகவும் ஆனது. ஒருவர் படுத்தால் அடுத்தவரைக் கொண்டுவரச் சேரி இருந்தது. உயிர் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் எந்திரத்தை மாற்றச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்?

மூன்றாவது வழி குஜராத்தின் கோத்ரா. அங்கே படிகக்கல் அரைக்கும் ஆலைகளுக்குப் போனவர்கள் மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள். ஊர் திரும்பிச் செத்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. செத்த பிறகு விலை கட்டும் வழி இது. மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன அதே நீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை கூடியது, குழிக்குள் இறங்குகிற சாதி மாறவில்லை.

அம்பேத்கரின் வழி இவற்றிலிருந்து வேறானது. 1942 முதல் 1946 வரை அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். அந்தக் காலத்தில்தான் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 ஆகக் குறைந்தது. இதை ஓய்வுக்கான சலுகையாகவே பலர் பேசுகிறார்கள். தூசியில் நிற்கிறவருக்கு அது உயிர்க்கணக்கு. ஒருவர் எவ்வளவு தூளை விழுங்குகிறார் என்பதை நேரமும்தானே தீர்மானிக்கிறது! 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முன்மொழிந்தவர் எங்கள் திட்டக்குடி தனித்தொகுதியிலிருந்து போன தொழிலாளர் நலத்துறை அமைச்சர். 2001-இல் திருமாவளவன் வென்ற பழைய மங்களூர் தொகுதியின் இன்றைய வாரிசுதான் அந்தத் தொகுதி. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள்.

எத்தனை மணி நேரம் என்பதோடு இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். எத்தனை பேர் வேலை பார்த்தால் அது தொழிற்சாலை? எந்திரம் ஓடும் இடத்துக்கு 1881 சட்டத்தில் 100 பேர். 1891-இல் 50. 1922-இல் 20. 1948-இல் 10. 67 வருஷமாக இறங்கிக்கொண்டே வந்த எண் இது. 2020-இல் இயற்றி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத் தொகுப்பு அதை மறுபடி 20 ஆக்கிவிட்டது. ஏழெட்டுப் பேரை வைத்து நடக்கும் சிறு பட்டறைக்குப் பழைய எண்ணே எட்டாத உயரம். பத்துக்குக் குறைந்த இடத்துக்கும் சட்டத்தை நீட்டிக்க 1948 சட்டத்தின் 85-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அதிகாரம் இருந்தும் இன்றுவரை நம் கைக்கு வந்துசேர்ந்தது முகமூடி மட்டும். மே மாதத்துச் சூளைப் பக்கத்தில் அதை எட்டு மணி நேரம் மாட்டியிருக்க முடியுமா என்று கேட்டால், "அவங்கதான் போடமாட்டேங்கிறாங்க" என்பது பதில். குற்றம் தொழிலாளிமேல் வந்துவிட்டது!

சிலிக்கோசிஸ் ஏற்கெனவே இழப்பீட்டுப் பட்டியலில் உள்ள தொழில்நோய். பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்த்திருந்தால் அத்தனை பேரும் பங்கு போட்டுத் தரவேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. அதற்கு எங்கே, எப்போது வேலை பார்த்தோம் என்று காட்டவேண்டும். வருகைப் பதிவேடு முதலாளியிடம். பல இடங்களில் அதுவும் இருக்காது. ஆகவே விருத்தாசலம் பஸ் ஏறுகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். எந்தக் கம்பெனி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, சுரண்டும் வேலையா சூளை வேலையா, கூட இருந்தவர்கள் யார் யார். எக்ஸ்ரே எடுத்தால் படத்தையும் அதோடு வையுங்கள். டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், என்ன வேலை பார்க்கிறோம் என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.