செத்தவர் மேல் போட்ட வழக்கு



2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைச் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. ஓரிடத்தில் 11 பிணங்கள், இன்னோரிடத்தில் 9. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள் அவர்கள். ஜவ்வாது மலைப் பழங்குடியினர் பலர். நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. முதலில் பதிவான வழக்கில் குற்றவாளித் தரப்பில் நின்றவர்கள் செத்தவர்களே. சுட்டவர்கள் அதில் புகார்தாரர்கள்.

இது அந்த ஒரு நாளில் பிறந்த தந்திரம் அல்ல. 'என்கவுன்டர்' என்ற சொல்லின் உயிரே இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. கொலை முயற்சி வழக்கை இறந்தவர் மேல் போடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை என்று சொல்லிக் கோப்பை மூடுவார்கள். ஒரு மனிதரைக் கொன்றது யார், ஏன் என்ற கேள்வி எந்த நீதிமன்றப் படியையும் ஏறாது. அந்தக் கேள்வியைப் படியேற்ற நாற்பது ஆண்டுகளாக நடந்த போராட்டமே இன்று நாம் பேச வேண்டிய வரலாறு.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 ஜூலையில், இன்றைய தெலங்கானாவின் கிராய்பள்ளியில் நான்கு இளைஞர்கள் 'மோதலில்' இறந்ததாக அறிவிக்கப்பட்டது. 1977இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியால் அமைந்த தார்குண்டே குழு ஊருக்குப் போய் விசாரித்தது. மரத்தில் கட்டிவைத்துச் சுட்டார்கள் என்றது. வழக்கறிஞர் கண்ணபிரான் அக்குழுவில் முன்னின்றவர். அரசு பார்கவா ஆணையத்தை அமைத்தது. பின்னர் விசாரணையை மூடிய அறைக்குள் நடத்த முடிவு செய்தது. ஆணையம் அமைப்பதே நீதி ஆகிவிடாது என்பதை அன்றே கற்றுக்கொண்டோம்.

ஆந்திர உரிமை இயக்கத்தினர் கொண்டுபோன புகார்களால் 1997இல் தேசிய மனித உரிமை ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. மோதல் சாவைக் குற்றம் நடந்திருக்கலாம் என்ற ஐயத்தோடு அணுகு, அதே காவல் நிலையத்தார் விசாரிக்கக் கூடாது என்றது. 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. கொன்றதைக் காவல்துறையே ஒப்புக்கொள்கிறது, ஆகவே வழக்குப் பதிவாக வேண்டும். தற்காப்பு என்றால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கட்டும். சாதாரண மனிதருக்கு உள்ள அதே சட்டம்தான் இது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

மும்பையில் 1995 முதல் 1997 வரை நடந்த 99 மோதல்களில் சுமார் 135 பேர் இறந்தது குறித்து பி.யூ.சி.எல். தொடுத்த வழக்கில், 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை கட்டாயம். சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தார் விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை உண்டு. சுட்ட ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். உறவினருக்கு விரைவில் தகவல் சொல்ல வேண்டும். சந்தேகம் தீரும்வரை பதக்கமோ உடனடிப் பதவி உயர்வோ கிடையாது. நெறிமுறை மீறப்பட்டால் குடும்பத்தார் அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம். ஆனால் அந்த அறிக்கை யார் மீது பதிவாக வேண்டும் என்பதை நெறிகள் சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் ஏழே மாதத்துக்குள் சேஷாசலம் நடந்தது.

அங்கே கதையை மாற்றியவர்கள் அதிகாரிகள் அல்லர். பேருந்தில் போலீஸ் ஆட்களை இறக்கியபோது, பக்கத்தில் இருந்த பெண்ணின் கணவர் என்று நினைத்து விடப்பட்ட ஒருவர், டெல்லிக்குப் போய் மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். காட்டில் மோதல் என்ற கதை பேருந்திலேயே உடைந்தது. கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் புகார் கொலை வழக்காகப் பதிவானது. எரிக்காமல் காத்துவைத்த ஆறு உடல்களுக்கு உயர் நீதிமன்ற ஆணையால் மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. ஆணையம் சி.பி.ஐ. விசாரணையும், குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால இழப்பீடும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. விசாரணை அதே மாநிலக் காவல்துறையின் சிறப்புக் குழுவிடம் போனது.

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைச் சுட்ட போலீஸ் மீது மக்கள் பூ தூவினார்கள். சிர்புர்கர் ஆணையம் அந்த மோதல் கதையை நம்ப முடியாதென்றது. 10 போலீசார் மீது கொலை வழக்கு விசாரணை நடக்க வேண்டும் என்றது. நம் பெண்களுக்கு அநீதி நடக்கும்போதும் இந்தத் துப்பாக்கி நீதியை நாம் கேட்கக் கூடாது. விசாரணையில்லாமல் சுடும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தால், அது முதலில் திரும்புவது சேரியையும் மலையையும் நோக்கித்தான். பண்ணையாரின் வாசலுக்கு அது போகாது.

சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் மாவட்டத்தில் மோதல் சாவு என்று செய்தி வந்தால், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் யார் பெயர் என்று பாருங்கள். அங்கே செத்தவர் பெயர் மட்டும் இருந்தால், குடும்பத்தாரோடு உட்கார்ந்து புகார் எழுதுங்கள். உடலை அவசரப்பட்டு எரிக்க விடாதீர்கள். சாட்சியைத் தனியே விடாதீர்கள். அண்ணல் எழுதித் தந்த அரசமைப்பின் 21ஆம் பிரிவு உயிருக்குத் தந்த காவல், அந்தப் புகார்த் தாளிலிருந்துதான் நடக்கத் தொடங்கும்.