நம் பக்கத்து நால்வர்: இணையக் குழுப் போட்டிகளில் விளையாட்டுப் பண்பு

சீனாவின் ஹாங்சோ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுகள் முதன்முறையாகப் பதக்கப் பிரிவில் இடம்பெற்றன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், டோட்டா 2 ஆகியவற்றில் வென்றவர்களும் ஓட்டத்திலும் மல்யுத்தத்திலும் வென்றவர்களைப் போலவே மேடையேறிப் பதக்கம் பெற்றார்கள். இவை விளையாட்டுத்தானா என்ற விவாதத்தை இனியும் நீட்டிப்பதில் பயனில்லை. இவற்றை ஆடுவோரிடம் எத்தகைய விளையாட்டுப் பண்பை எதிர்பார்க்கலாம் என்பதே இப்போதைய கேள்வி. மைதானத்தில் விளைந்த பண்பு எதிரணியை நோக்கியது. இணையக் குழு ஆட்டத்திலோ பண்பு சோதிக்கப்படுவது, முகம் தெரியாமல் நம் பக்கமே நிற்கும் நால்வரிடம். இந்த இடமாற்றத்தைக் கணக்கில் கொள்ளாத எந்த அறிவுரையும் இங்கே எடுபடாது என்பது என் வாதம்.

விளையாட்டு மெய்யியலில் இன்றும் விவாதிக்கப்படும் ஜேம்ஸ் கீட்டிங்கின் 1964-ஆம் ஆண்டுக் கட்டுரை, மகிழ்ச்சிக்காக ஆடுவதையும் வெற்றிக்காக மோதுவதையும் பிரித்துக் காட்டியது. முன்னதற்குப் பெருந்தன்மை உரியது, பின்னதற்கு நேர்மை உரியது என்றார் அவர். இரண்டுமே எதிரே நிற்பவரிடம் காட்டப்படுபவை. சக வீரர் அங்கே ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. தோன்றவும் காரணமில்லை; அவர் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர், நாளையும் உடன் ஆடப் போகிறவர்.

2009-இல் வெளிவந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் அமைப்பைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஐவருக்கு எதிராக ஐவர். ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரை மணி நேரம். நம் அணியில் ஒருவர் வீழ்ந்தால் வீழ்த்தியவருக்குத் தங்கமும் அனுபவப் புள்ளிகளும் சேர்கின்றன. அவற்றைக் கொண்டு அவர் இன்னும் வலுவாகத் திரும்பி வருகிறார். கால்பந்தில் நம்மவர் ஒருவர் கோல் வாய்ப்பைத் தவறவிட்டால் எதிரணியின் கால்கள் அதனால் வேகமெடுப்பதில்லை. இங்கே வேகமெடுக்கும். ஆறாம் நிமிடத்தில் நடுப் பாதையில் ஒருவர் இருமுறை வீழ்ந்ததற்கான விலையை, இருபதாம் நிமிடத்தில் கீழ்ப் பாதையில் இருப்பவர் கொடுக்கிறார். அவருக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை. அந்தக் கோபம் எதிரணி மீது பாயாமல் நடுப் பாதைக்காரர் மீது பாய்வதிலும் வியப்பில்லை.

இதன்மேல் தரநிலை வந்து சேர்கிறது. தனியாக வரிசையில் நுழைபவரின் தரநிலை தனியாகவே ஏறி இறங்குகிறது. அதைத் தீர்மானிப்பதோ ஐவரின் கூட்டு முடிவு. உழைப்பு கூட்டாகவும் கணக்கு தனியாகவும் இருக்கும் இடத்தில், பக்கத்தில் நிற்பவர் துணையாகத் தெரிவதைவிடத் தடையாகத் தெரிவது எளிது. ஒத்துழைப்பின் தோற்றம் பற்றி 1984-இல் நூல் எழுதிய ராபர்ட் ஆக்சல்ராட், மீண்டும் சந்திக்க நேரும் என்ற எதிர்பார்ப்பே தன்னலமிகளையும் ஒத்துழைக்க வைக்கிறது என்று காட்டினார். தனி வரிசையில் அந்த எதிர்பார்ப்பு அநேகமாக இல்லை. ஆட்டம் முடிந்ததும் அணி கலைந்துவிடும். சமவலிமை உள்ளவர்களை மோதவிடுவதே பொருத்தும் முறையின் நோக்கம் என்பதால், தன் தகுதிக்குரிய தரநிலையில் ஆடுபவர் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்றே தீர்வார். தோல்வியைத் தாங்கும் பழக்கம் இல்லாதவர் இங்கே நெடுநாள் நிதானத்தோடு ஆட முடியாது.

அணிக்குள்ளேயே வெடிக்கும் இந்த வசைக் கேடு ஒரு சிலரின் குணத்தால் வருவது, அவர்களை நீக்கினால் தீரும் என்பது பரவலான நம்பிக்கை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸை உருவாக்கிய ரயட் கேம்ஸ் 2011-இல் தொடங்கிய ‘டிரிபியூனல்’ இந்த நம்பிக்கைக்கு நெருக்கமானது. புகாருக்குள்ளானவரின் அரட்டைப் பதிவுகளைச் சக ஆட்டக்காரர்களே படித்துத் தீர்ப்பளித்தார்கள். 2014-இல் அது நிறுத்தப்பட்டது. இதற்கிடையே, அறிதிறன் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜெஃப்ரி லின் தலைமையில் அந்நிறுவனம் நடத்திய ஆய்வில் தெரிந்தது வேறு. எப்போதும் மோசமாக நடப்பவர்களால் விளைந்தது மொத்தத் தீங்கில் சுமார் 13 விழுக்காடு மட்டுமே. மீதி 87 விழுக்காடு, பெரும்பாலான நாட்களில் ஒழுங்காக ஆடுபவர்கள் எப்போதாவது நிலைதவறியதன் விளைவு. இவை நிறுவனமே வெளியிட்ட எண்கள். அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் ஜஸ்டின் செங்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட சோதனையும் இதே திசையைக் காட்டுகிறது. கடினமான தேர்வெழுதி மனம் சலித்தவர்கள், ஏற்கெனவே வசை கலந்த உரையாடலைக் கண்டால் தாங்களும் வசைபாடும் வாய்ப்பு கூடியது. அது விளையாட்டுச் சூழல் அல்ல என்றாலும், சலிப்பும் கண்ணெதிரே ஒரு வசையும் தோற்கும் அணியில் எப்போதுமே இருப்பவை.

ஆகவே ‘டாக்ஸிக்’ என்பது ஒரு மனித வகை அல்ல. யாரும் போய் விழக்கூடிய ஒரு நிலை. இதை ஏற்றால் ‘நேர்மறையாக இரு’ என்ற அறிவுரையையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தோற்றுக்கொண்டிருப்பவரிடம் மகிழ்ச்சியாக இரு என்பது கொடுமை. கேட்கத் தகுந்தது உணர்ச்சியை அல்ல, செயலை: ஆட்டம் முடியும்வரை ஆட்டத்துக்குள் இருப்பது. யோஹன் ஹவுசிங்கா 1938-இல் எழுதிய ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில் ஏமாற்றுபவரையும் ஆட்டத்தைக் குலைப்பவரையும் வேறுபடுத்துகிறார். ஏமாற்றுபவர் ஆட்டத்தை மதிப்பதுபோலவாவது நடிக்கிறார். குலைப்பவரோ ஆட்டம் என்ற உலகத்தையே உடைத்துவிடுகிறார். பத்தாம் நிமிடத்தில் ‘முடிந்தது, சரணடையுங்கள்’ என்று எழுதிவிட்டு, மறுத்தவர்களைத் தண்டிக்க வேண்டுமென்றே எதிரியிடம் போய் வீழ்பவர் இந்த இரண்டாம் வகை. நாணயமான சரணடைதலுக்கு வாக்கெடுப்பு இருக்கிறது. அந்த வாக்கெடுப்பில் தோற்றபின் எப்படி ஆடுகிறார் என்பதில்தான் ஒருவரின் பண்பைக் காண்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வெல்ல வேண்டுமானால் பிழையைச் சுட்டிக்காட்டித்தானே ஆக வேண்டும்? சுட்டிக்காட்டலாம். ஆனால் சொல்லப்படுவது அடுத்த செயலுக்கு உதவுகிறதா, நடந்து முடிந்ததற்குத் தீர்ப்பளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘டிராகனுக்கு வா’ என்பது முதல் வகை. ‘உன்னால்தான் போச்சு’ என்பது இரண்டாவது. கருவி எது என்பது இங்கே பொருட்டல்ல. எதிரியைக் காணவில்லை என்று எச்சரிக்க வைத்த கேள்விக்குறி பிங்கை, வீழ்ந்தவரின் உடல்மீது ஐந்தாறு முறை தட்டி இழிவுபடுத்துவதை இந்த ஆட்டம் ஆடிய எல்லோரும் பார்த்திருப்பார்கள். லீக் அணிகளைப் பற்றி கிம், வூலி முதலானோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே கருதத்தக்கது. பிறர் மனநிலையை உணரும் திறன் உறுப்பினர்களிடம் கூடக்கூட அணியின் கூட்டறிவும் கூடியிருந்தது. அந்தக் கூட்டறிவைக் கொண்டு அணியின் போட்டித் திறனை முன்கணிக்க முடிந்தது. வாய்ப்பேச்சைவிடச் சொல்லாமலே ஒருவரையொருவர் புரிந்து நகர்வது பெரும்பங்கு வகித்தது. திட்டுவதால் அணி திருந்தும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சொந்த அணியிடம் காட்டும் உட்பண்பும் எதிரணியிடம் காட்டும் வெளிப்பண்பும் வேறுவேறு என்பதற்கு டோட்டா 2-இன் ஓஜி அணியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2018-இல் உலகப் போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன் இருவர் வெளியேற, அவ்வணி புதிதாகக் கூடி, திறந்த தகுதிச் சுற்றிலிருந்து ஏறிவந்து, வான்கூவரில் பிஎஸ்ஜி.எல்ஜிடியை 3-2 என்று வென்றது. அணித்தலைவர் யோஹான் சண்ட்ஸ்டீன் தம் வெற்றிக்குச் சொன்ன காரணம் அணியினரிடையே இருந்த நட்பும் நம்பிக்கையும். 2019-இல் ஷாங்காயில் மீண்டும் வென்றபோது, அதே அணி குரல் வசனங்களை ஒலிக்கவிட்டு எதிராளிகளைச் சீண்டியதும் பரவலாகப் பேசப்பட்டது. பழைய அளவுகோலில் இது குறை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைகுலுக்கலை மட்டும் அளக்கும் பார்வைக்கு, அவர்கள் தமக்குள் காட்டிய அரிய பொறுமை கண்ணில் படவே படாது.

வடிவமைப்பாளர்களும் இந்தப் பக்கமே நகர்ந்தார்கள். 2012-இல் லீக் அறிமுகப்படுத்திய மரியாதை முறையில் எதிராளிக்கென்று ஒரு பிரிவு இருந்தது. 2017-இல் மாற்றியமைத்தபோது மரியாதை சொந்த அணிக்குள் ஒருவருக்கு மட்டும் வழங்குவதாயிற்று. நிதானம் தவறாதவர் என்பது அப்போது அதன் பிரிவுகளில் ஒன்றாக இருந்தது. முன்பு, எதிரணியோடான அரட்டையை இயல்பில் அணைத்துவைத்து, வேண்டியவர் மட்டும் திறந்துகொள்ளச் செய்த சோதனையில், தீய பேச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. அதே அளவுக்கு நல்ல பேச்சு கூடியதாம். ஒரு பொத்தானின் இயல்புநிலை இவ்வளவு செய்யுமானால், பழியை முழுவதும் தனிமனிதர் மீது சுமத்துவது நியாயமில்லை.

சுமை யார்மீது விழுகிறது என்பதை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். குஸ்னெகோஃப், ரோஸ் இருவரும் ஹாலோ 3 ஆட்டத்தில் நடத்தி 2013-இல் வெளியிட்ட சோதனையில், தீங்கற்ற வாக்கியங்களையே பேசிய பெண் குரலுக்கு, ஆண் குரலைவிட மூன்று மடங்கு எதிர்மறைப் பதில்கள் வந்தன. 2015-இல் வந்த அடுத்த ஆய்வு, அந்தப் பகைமை குறைந்த திறனுள்ள ஆண்களிடமிருந்தே கூடுதலாக வந்ததைக் காட்டியது. இப்படித் தாக்கப்படும் பெண்ணிடம் போய் நேர்மறையாக இரு என்பது, அடித்தவரை விட்டுவிட்டு அடிபட்டவருக்குப் பாடம் நடத்துவதாகும். அவர் எல்லோரையும் மியூட் செய்துவிட்டு ஆடினால் அவரிடம் எந்தப் பண்புக் குறையும் இல்லை. மீதமிருக்கும் மூவரிடம்தான் கேள்வி. டிரிபியூனலுக்கு வந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட புகார்களை ஆராய்ந்த குவாக், பிளாக்பர்ன், ஹான் ஆகியோரின் 2015-ஆம் ஆண்டு ஆய்வில், பார்த்திருந்தவர்கள் தாமாகப் புகார் செய்வதில் தயக்கம் தெரிந்தது. யாராவது வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டபோது புகார்கள் கூடின. அப்படிக் கேட்கும் முதல் குரல் வசை வாங்கியவருடையதாக இருக்கத் தேவையில்லை. அது மற்ற மூவரில் ஒருவருடையதாக இருக்கலாம், இருந்தாக வேண்டும்.