பைசாக் காசுகள்

இந்திய ரூபாயை நூறாகப் பகுத்து 1957 ஏப்ரல் 1 முதல் புழக்கத்துக்கு விட்ட சில்லறை நாணயங்கள். அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா. புதுக்கணக்கில் ஓரணா 6¼ பைசா ஆயிற்று. கால் பைசாவுக்குக் காசில்லை. ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்றுப் பட்டியல் வந்தது. பழைய பைசாவிலிருந்து பிரித்துக் காட்ட ‘நயா பைசா’ என்று பொறித்தார்கள். 1964 ஜூன் 1-இல் ‘நயா’ உதிர்ந்தது. தமிழ்ப் பேச்சில் அணா மட்டும் உதிரவில்லை. 25 பைசா கடைசிவரை நாலணா, 50 பைசா எட்டணா.

இக்காசுகளின் வரலாறு, உலோக விலைக்குப் பயந்து ஓடிய வரலாறு. ஒரு பைசா வெண்கலத்தில் பிறந்து, 1962-இல் நிக்கல் பித்தளைக்கு மாறி, 1965-இல் அலுமினியச் சதுரமாக இளைத்தது. அலுமினியத்தைத் தொடங்கிவைத்தது 1964-இன் அறுகோண மூன்று பைசா. ஐந்து பைசா 1967-லும் பத்து பைசா 1971-லும் அதே வழியில் போயின. 1, 2, 3 பைசாக்கள் எழுபதுகளில் படிப்படியாக நின்றன. 1988-இல் 10, 25, 50 பைசாக்கள் துருப்பிடிக்கா எஃகுக்கு வந்தன. தாமரை பொறித்த 1968-இன் பித்தளை இருபது பைசா மக்களிடம் எடுபடவில்லை. அழகில் அதுவே முதலிடம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

அடையாளம் காணக் காந்தம் ஒன்று போதும். பழைய நிக்கல் நாலணாவும் பிந்திய எஃகுக் காசும் ஒட்டும்; செப்புநிக்கல், பித்தளை, அலுமினியம் ஒட்டா. அடுத்து ஆண்டின் கீழே நாணயசாலைக் குறியைப் பார்க்க வேண்டும். குறியில்லையேல் கொல்கத்தா, வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. விதிவிலக்குகள் உண்டு, ஹைதராபாத்தின் தொடக்ககாலக் காசுகளில் வைரத்தின் வேறு வடிவங்களும் காணப்படும். சென்னைக்குக் குறி கிடையாது. இங்கிருந்த நாணயசாலை 1869-லேயே மூடப்பட்டு, தங்கசாலை என்ற தெருப்பெயர் மட்டும் மிஞ்சியது.

ஜெர்மனியின் பழைய பிஃபெனிக் காசு சேர்ப்பவர்களும் இப்படியே நாணயசாலையைக் கண்டறிகிறார்கள். அங்கே குறிக்குப் பதில் எழுத்து: ஏ பெர்லின், டி மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூ, ஜே ஹாம்பர்க். கிழக்கு ஜெர்மனியின் அலுமினிய பிஃபெனிக் நம் பைசாவைப் போலவே கையில் கனமற்றது.

சென்னையை அடுத்த பூந்தமல்லி, நசரத்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் உண்டியலைக் கவிழ்த்தால் அதிகம் விழக்கூடியவை ஐந்தும் பத்துமே. அவற்றில் 1974-இன் பத்து பைசாவையும் 1976-இன் ஐந்து பைசாவையும் தனியே எடுத்துவையுங்கள். முன்னதில் திட்டமிட்ட குடும்பமும் எல்லார்க்கும் உணவும், பின்னதில் உணவும் வேலையும் என, ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பை ஒட்டிய வாசகங்கள் இருக்கும். விலை பெரிதாக ஏறாது. அக்காலத்துக் கவலைகள் அந்த அலுமினியத்தில் படிக்கக் கிடைக்கும். வெண்கலக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும்.

25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாக்காசு. ஜெர்மன் மத்திய வங்கி, கிழக்கு ஜெர்மனியுடையது நீங்கலாக, பிஃபெனிக்கை இன்றும் யூரோவாக மாற்றித் தருகிறது. நம் எட்டணாவும் சட்டப்படி செல்லும். கடைக்காரர்தான் வாங்க மாட்டார்.