போதகருக்குப் பின்னால் வந்த பெட்டி

1784 ஜூன் மாதம் பிலடெல்பியாவில், ராபர்ட் பெல் என்பவரின் புத்தகக் கடையில் ஜேம்ஸ் கிளென் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தென் அமெரிக்காவில் டெமராராவில் தோட்டம் வைத்திருந்தவர் அவர். கப்பல் பயணம் ஒன்றில் கப்பல் தலைவர் படிக்கக் கொடுத்த ‘சொர்க்கமும் நரகமும்’ என்ற நூல் அவரை ஸ்வீடன் நாட்டு ஞானி இமானுவேல் ஸ்வீடன்போர்க்கின் வாசகராக்கியிருந்தது. பேச்சைக் கேட்கச் சிலர் வந்தார்கள், கலைந்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கிளென் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு, லண்டன் நண்பர்கள் அவர் பெயருக்கு அனுப்பியிருந்த புத்தகப் பெட்டி பெல்லின் கடைக்கு வந்து சேர்ந்தது. பெல் அதே ஆண்டில் இறந்துபோக, கடைச் சரக்கோடு அந்தப் பெட்டியும் ஏலத்துக்குப் போனது. அப்படிக் கைமாறிய புத்தகங்களைப் படித்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெய்லி. அவர் அச்சகக்காரர். 1789இல் ஸ்வீடன்போர்க்கின் ‘உண்மைக் கிறிஸ்தவ மதம்’ என்ற பெரிய நூலை அவரே அமெரிக்காவில் அச்சிட்டார். நேரில் வந்து பேசியவரால் ஆகாத காரியத்தை ஏலத்தில் போன பெட்டி செய்தது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அடுத்த 140 ஆண்டுகளில் இதே கதை வேறு வேறு ஊர்களில் நடந்திருக்கிறது. அச்சிட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட வாசகர்கள்தான் இந்த நூல்களைக் கடல் தாண்ட வைத்தார்கள், சபை கட்டியவர்களுக்கு அதில் இரண்டாம் இடம்தான் என்பது என் வாதம்.

ஸ்வீடன்போர்க்கே சபை எதுவும் நிறுவவில்லை. 1749 முதல் 1756 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வந்த அவருடைய வேதாகம விளக்கம் லத்தீனில் இருந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. அச்சுச் செலவு முழுக்க அவர் கைக்காசு. இரண்டு மாதத்தில் நான்கே பிரதிகள் விற்றன என்று அவரே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தொகுதிகளைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த தத்துவஞானி இமானுவேல் கான்ட் 1766இல் ஒரு நூலே எழுதிக் கேலி செய்தார். ஆசிரியர் 1772இல் மறைந்து பதினோரு ஆண்டு கழித்து, ராபர்ட் ஹிண்ட்மார்ஷ் என்ற அச்சகக்காரர் லண்டனில் ஒரு காப்பிக்கடையில் வாசகர்கள் கூடலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய அளவுக்கே ஆள் சேர்ந்தது. விரைவில் கிளென்னும் அவர்களோடு சேர்ந்தார். விரைவிலேயே இவர்களுக்குள் பிளவு. தனிச் சபை வேண்டும் என்று ஹிண்ட்மார்ஷ் தரப்பு 1787இல் பிரிந்தது. மான்செஸ்டரில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ஜான் கிளௌஸ் அதை ஏற்கவில்லை. தம் பழைய தேவாலயத்திலேயே இருந்துகொண்டு, லத்தீன் தொகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டே போனார். 1810இல் லண்டனில் தொடங்கிய ஸ்வீடன்போர்க் சங்கம் நடைமுறையில் கிளௌஸ் காட்டிய வழியில்தான் நடந்தது: நூல்களை மொழிபெயர்ப்பது, அச்சிடுவது, பரப்புவது. ஞானஸ்நானம் கொடுப்பது அதன் வேலை அல்ல.

அமெரிக்காவில் இந்த வேலை நடந்த விதம் இன்னும் சுவையானது. பிலடெல்பியாவின் ஜவுளி இறக்குமதியாளர் வில்லியம் ஷ்லாட்டர், மேற்கே உள்ள வியாபாரிகளுக்கு அனுப்பும் துணிப் பொதிகளுக்குள் ஸ்வீடன்போர்க் பிரசுரங்களையும் சேர்த்துக் கட்டி அனுப்பினார். அவரிடமிருந்து புத்தகம் பெற்றவர்களில் ஆப்பிள் நாற்று போட்டுக்கொண்டே ஓஹையோ எல்லைப்புறத்தில் அலைந்த ஜான் சாப்மன் ஒருவர். ‘ஜானி ஆப்பிள்சீட்’ என்ற பெயரில் நாட்டுப்புறக் கதையாகவே ஆகிவிட்ட மனிதர். கைவசம் புத்தகம் குறைவு, குடிசைகளோ அதிகம். ஆகவே ஒரு புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பகுதி வைத்துவிட்டுப் போவார். அடுத்த முறை வரும்போது அதை வாங்கிக்கொண்டு வேறு பகுதி கொடுப்பார். முதல் அத்தியாயத்துக்கு முன்னால் மூன்றாம் அத்தியாயம் வந்து சேர்ந்த வீடுகளும் இருந்திருக்க வேண்டும். சாப்மன் அதைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தப் புத்தகங்கள் தாமாக நடந்து போகவில்லை. பிரிட்டிஷ் கப்பலும் பிரிட்டிஷ் வணிகமும் பேரரசும் போட்ட பாதையில்தான் போயின என்பார்கள். மறுக்க முடியாது. டெமராராவின் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் நடந்தவை. ஆப்பிரிக்கர்கள் மற்றவர்களைவிட ஆழ்ந்து சிந்திப்பவர்கள் என்று எழுதிய ஸ்வீடன்போர்க்கின் நூலை அங்கிருந்து வந்த தோட்ட முதலாளி கிளென் பரப்பியது வரலாற்றின் குரூரமான வேடிக்கை. ஆனால் பாதை யாருடையது என்பதை வைத்து வாசிப்பு எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. 1909இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், டேவிட் மூக்கி என்ற ஆப்பிரிக்கப் போதகர் ஒரு பழைய புத்தகக் கடையில் ‘உண்மைக் கிறிஸ்தவ மதம்’ நூலைக் கண்டெடுத்தார். அவரிடம் யாரும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. படித்தார், 1911இல் தம் மக்களுக்காகத் தாமே ஒரு சபையை உண்டாக்கினார். பிரிட்டனிலிருந்த சபையோடு உறவு ஏற்பட்டது அதற்குப் பிறகுதான். அந்த உறவு இல்லாவிட்டால் அவருடைய சபை நிலைத்திருக்குமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. நிலைநிறுத்துவதற்கு அமைப்பு தேவைதான். தொடங்கிவைத்தது யாரோ படித்துத் தள்ளிவிட்ட பிரதி.

சபைக்காரர்களின் மறுப்பு வேறு வகை. இப்படிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் வாசகர் கைநழுவிப் போவார், அதனால் யாருக்கு என்ன லாபம் என்பது அவர்கள் கேள்வி. அவர்களுக்கு நல்ல சான்று ஜப்பானின் டி. டி. சுசுகி. 1910இல் ‘சொர்க்கமும் நரகமும்’ நூலை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தவர் அவர். லண்டன் சங்கம் கேட்டுக்கொண்டபடி 1915க்குள் மேலும் மூன்று நூல்களைப் பெயர்த்தார். அதன் பிறகு உலகம் அவரை அறிந்தது ஜென் பௌத்தத்தின் விளக்குநராகத்தான். சபைக் கணக்கில் இது நஷ்டம். ஆனால் பௌத்தர் என்று தெரிந்தே அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்த சங்கம் எதிர்பார்த்தது நல்ல மொழிபெயர்ப்பை, அது கிடைத்தது. சென்னையின் டி. கோபால் செட்டி விஷயமும் இதே போலத்தான். 1923இல் லண்டனில் வெளியான அவருடைய ஆங்கில நூல் ஸ்வீடன்போர்க்கையும் சைவ சித்தாந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சித்தாந்தத்தை விட்டுவிட்டு வா என்று கேட்கும் போதகர் எதிரே நின்றிருந்தால், அப்படி ஒரு ஒப்பீட்டை எழுத அவருக்கு இடமே இருந்திருக்காது.