கெட்டி அருங்காட்சியகக் கோட்டோவியத் தொகுப்பு

கெட்டி அருங்காட்சியகக் கோட்டோவியத் தொகுப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அமைந்துள்ள ஜே. பால் கெட்டி அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவு ஆகும். ஐரோப்பிய ஓவியர்கள் தாளில் சுண்ணக்கட்டி, மை, நீர்வண்ணம் முதலியவற்றால் வரைந்த பல நூறு படைப்புகள் இதில் உள்ளன. லண்டன், பாரிஸ், வியன்னா, புளோரன்ஸ் ஆகிய நகரங்களின் புகழ்பெற்ற தொகுப்புகள் பல நூற்றாண்டுகளாக வளர்ந்தவை. இத்தொகுப்போ 1981 ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது.

தோற்றம்

எண்ணெய்த் தொழிலதிபரான ஜே. பால் கெட்டி (1892–1976) கிரேக்க, உரோமத் தொல்பொருட்கள், பிரான்சிய அலங்காரக் கலைப்பொருட்கள், ஐரோப்பிய வண்ண ஓவியங்கள் ஆகியவற்றையே முதன்மையாகச் சேகரித்தார். கோட்டோவியத் தொகுப்பு அவரது மறைவுக்குப் பின்னர் உருவானது. ரெம்பிரான்ட் ஏறத்தாழ 1637 இல் வரைந்த, பாம்பை ஏந்திய கிளியோபாட்ராவின் உருவம் 1981 இல் வாங்கப்பட்டது. இதுவே தொகுப்பின் முதல் படைப்பாகும். இது செங்காவிக் கட்டி எனப்படும், இரும்பு ஆக்சைடு கலந்த இயற்கைக் களிமண்ணால் வரையப்பட்டது.

வளர்ச்சி

பழைய தொகுப்புகளில் சேர்ந்துவிட்ட கோட்டோவியங்கள் பெரும்பாலும் மீண்டும் விற்பனைக்கு வருவதில்லை. எனவே காலந்தாழ்த்தித் தொடங்கிய இத்தொகுப்பு, தனியார் வசமிருந்து விற்பனைக்கு வந்தவற்றையே பெரிதும் சார்ந்து வளர்ந்தது. டியூரரின் மான்கொம்பு வண்டு (1505), ரூபென்சின் கொரிய உடையணிந்த மனிதர் (ஏறத்தாழ 1617) ஆகியன 1983 இல் பெறப்பட்டன. உடையைக் கிழித்துக்கொள்ளும் புனித பவுலை ரபாயெல் வரைந்த கோட்டோவியம் 1984 இல் வந்தது. இது சிஸ்டைன் சிற்றாலயத்துக்கான திரைச்சீலை ஒன்றின் முன்வரைவு ஆகும். லியொனார்டோ டா வின்சியின், ஆட்டுக்குட்டியுடன் கூடிய குழந்தை இயேசு வரைவுகள் 1986 இல் சேர்ந்தன.

1999 இல் பெதரிக்கோ சுக்காரோவின் 20 கோட்டோவியங்கள் ஒரே வரிசையாகப் பெறப்பட்டன. இவை அவரது அண்ணனான ஓவியர் தத்தேயோ உரோம் நகரில் பட்ட இளமைக்கால இன்னல்களைச் சித்தரிக்கின்றன. விளக்கெண்ணெய் மறுக்கப்பட்ட சிறுவன் நிலவொளியில் வரைந்து பழகும் காட்சியும் அவற்றுள் ஒன்று.

மைக்கலாஞ்சலோவின் துயருறும் பெண் என்னும் கோட்டோவியம் இங்கிலாந்தின் கோட்டை ஹோவர்ட் மாளிகையில் நெடுங்காலம் அடையாளம் அறியப்படாமல் இருந்தது. அடையாளம் காணப்பட்ட பின்னர் 2001 இல் லண்டனில் ஏலத்தில் விற்கப்பட்டது. 2017 இல் ஒரு தனியார் தொகுப்பிலிருந்து கெட்டி அருங்காட்சியகம் வாங்கிய 16 கோட்டோவியங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இந்தியத் தொடர்பு

ரெம்பிரான்ட் இந்தியாவுக்குச் சென்றதில்லை. எனினும் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்த முகலாய நுண்ணோவியங்களைப் பார்த்து அவர் வரைந்த கோட்டோவியங்களுள் 23 இன்றும் உள்ளன. அவற்றுள் ஷாஜகானையும் அவரது மகன் தாரா சிகோவையும் காட்டும் ஓவியம் இத்தொகுப்பில் உள்ளது. 2018 இல் கெட்டி அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில், இவ்வரிசையைச் சேர்ந்த பல ஓவியங்கள் முகலாய ஓவியங்களுடன் அருகருகே வைக்கப்பட்டன.

உண்மைத்தன்மை குறித்த ஐயம்

பழைய கோட்டோவியங்களில் பெரும்பாலும் கையொப்பம் இருப்பதில்லை. தாள், மை, கோட்டின் போக்கு, முன்னைய உடைமையாளர்களின் முத்திரைகள் ஆகியவற்றைக் கொண்டே வரைந்தவர் யார் என முடிவு செய்யப்படுகிறது. பழைய தாளைப் பயன்படுத்தும் போலிகளைக் கண்டறிவது கடினம். 1990களில் இத்தொகுப்பின் காப்பாட்சியர் ஒருவரே, முன்னர் வாங்கப்பட்ட ஆறு கோட்டோவியங்கள் போலியானவை என ஐயம் எழுப்பினார். இது வழக்காகவும் மாறியது. 2001 இல் செய்தி ஏடுகளில் விரிவாகப் பேசப்பட்டது. விரைவாக வளரும் தொகுப்பு ஒன்று எதிர்கொள்ளும் இடரை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

பாதுகாப்பும் காட்சியும்

ஒளி பட்டால் நீர்வண்ணம் வெளிறும்; தாள் பழுப்பேறும். மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மை காலப்போக்கில் தாளையே அரிக்கக்கூடியது. இத்தகைய சேதங்களை மீட்க இயலாது. ஆதலால் கோட்டோவியங்கள் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியில், சில மாதங்கள் மட்டுமே காட்சிக்கு வைக்கப்படுவது வழக்கம். பின்னர் அவை நீண்ட காலம் இருட்டில் ஓய்வில் வைக்கப்படும். எனவே தொகுப்பு எவ்வளவு வளர்ந்தாலும், ஒரு நேரத்தில் பார்வையாளர் காணக்கூடியது அதன் சிறு பகுதியே ஆகும்.