கோதை: மாலை பெயரான கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் சந்நிதிக்கும் நடுவே ஒரு நந்தவனம் இருக்கிறது. பெருமாளுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்துவந்த விஷ்ணுசித்தர், ஓர் ஆடிப்பூரத்தன்று அங்கே துளசிச் செடியடியில் பெண்குழந்தை ஒன்றைக் கண்டெடுத்தார் என்பது ஊர் அறிந்த கதை. துளசியடியில் கிடைத்த பிள்ளைக்குத் துளசி என்றே பெயரிட்டிருக்கலாம். அவர் வைத்த பெயர் கோதை.

கோதை எந்தச் செடியின் பெயரும் அல்ல. தொடுத்த பூமாலைக்குத் தமிழில் வழங்கிய பழஞ்சொல் அது. மாலை கட்டுபவர் தம் கைத்தொழிலின் பெயரையே மகளுக்குச் சூட்டிவிட்டார்.

சங்க காலத்தில் அது வேந்தர் பெயரிலும் இருந்தது. சேரமான் கோக்கோதை மார்பனைப் பொய்கையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளன. இன்று கோதை என்றதும் ஒரு பெண் நம் நினைவுக்கு வருகிறாள் என்றால், அதில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெரும்பங்கு உண்டு.

பெருமாளுக்கு வைத்திருந்த மாலையைத் தான் சூடிப் பார்த்துக் கொடுத்தவள், ஆண்டாள் என்று போற்றப்படும் இந்தக் கோதை. திருப்பாவையின் 30 பாசுரங்களையும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களையும் பாடியவள், அவற்றில் தன்னைக் கோதை என்றே சொல்லிக்கொள்கிறாள். வேதாந்த தேசிகர் 29 சுலோகங்களில் வடமொழியில் ‘கோதா ஸ்துதி’ செய்தார். 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியத்தின் பெயர் ‘ஆமுக்தமால்யதா’. சூடிக்கொடுத்தவள் என்பதே பொருள். பக்கத்து ஊரான இராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்களின் மொழியிலும் அவள் கோதாதேவி.

கடல்கடந்த ஹவாய்த் தீவுகளிலும் இப்படியொரு பெயர் உண்டு. அங்கே ‘லே’ என்றால் மாலை, ‘லானி’ என்றால் வானம்; பெண்ணுக்கு லேலானி என்று பெயரிடுகிறார்கள். அன்புக்குரிய குழந்தையையும் ‘லே’ என்றே சொல்வார்கள். கழுத்தோடு சேர்ந்து கிடக்கும் மாலைக்கும் தோளில் தொற்றிக்கொள்ளும் பிள்ளைக்கும் அவர்கள் கண்ட உறவு, விஷ்ணுசித்தர் வீட்டுக்கும் புதிதல்ல.

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் கோயிலோடு நின்றுவிடவில்லை. 1901இல் பிறந்து, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் அதைத் தமிழ் வாசகர் வீடுகளுக்கெல்லாம் கொண்டுசென்றார்.

புரட்டாசியில் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் மதுரைக்குப் போகிறது. அதை அணிந்துதான் அழகர் வைகையில் இறங்குகிறார். அந்த மாலையில் செவ்வந்தியோடும் சம்பங்கியோடும் துளசியையும் சேர்த்துத் தொடுக்கிறார்கள்.